எலக்ட்ரிக் வயலினில் சிந்தசைசர் வாசிப்பது: ஜாஸ் ஃப்யூஷனுக்கான முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் என் அறைக்கு எலக்ட்ரிக் வயலினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆசையோடு வருகிறார்கள். வில்லைப் போட்டால் சிந்தசைசர் ஒலிக்க வேண்டும், குழுவில் கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் ஈடுகொடுக்க வேண்டும். வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கியிருப்பார்கள். ஆனால் வாசித்தால் சம்பந்தமில்லாத சுரங்கள் தெறிக்கும், கமகம் பிடித்தால் விக்கல் வரும். கருவி சரியில்லை என்று நினைத்து வேறொன்று வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

நான் பார்த்தவரை பத்தில் எட்டு பேருக்குக் கருவியில் கோளாறு இல்லை. வரிசைதான் தப்பு. எல்லோரும் அழகான ஒலியைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். இங்கே அது ஏழாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருக்கும் ஆறையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

முதலில் ஒரு முடிவு எடுங்கள். வயலினின் ஒலியையே உருமாற்றும் சிந்த் பெடல் ஒரு வகை. போஸ் எஸ்ஒய்-1 போன்றவை அப்படி. சுரத்தைக் கண்டுபிடித்து மிடி (எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்று இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மொழி) தகவலாக மாற்றி, அதை வைத்துத் தனியாக ஒரு சிந்தசைசரை ஒலிக்கச் செய்வது இன்னொரு வகை. ஒரு பாட்டில் எட்டு ஆவர்த்தனத்துக்கு வேறு நிறம் வேண்டும், அவ்வளவுதான் என்றால் பெடலே போதும். செருகினால் வேலை செய்யும். வயலினில் இருந்து உண்மையாகவே சிந்தசைசர் வாசிக்க வேண்டும் என்றால் மிடிதான் வழி. இந்த வழிகாட்டி அதற்கு.

வேண்டியவை: திடமான உடல் கொண்ட எலக்ட்ரிக் வயலின், 4 தந்தியோ 5 தந்தியோ. பிக்கப்பின் மெல்லிய சிக்னலைத் தூக்கிக் கொடுக்க ஒரு ப்ரீஆம்ப். ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக, இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ். லேப்டாப். சுரத்தை மிடியாக மாற்றும் மென்பொருள். ஒரு மென்பொருள் சிந்தசைசர். சர்ஜ் எக்ஸ்டி இலவசம், வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, தொடக்கத்தில் காசு செலவழிக்க வேண்டாம். நல்ல ஹெட்ஃபோன். காலால் மிதிக்கும் வால்யூம் பெடல். 3 மீட்டருக்கு மிகாத வயர். அப்புறம் ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு.

சாதாரண வயலினில் பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் துண்டு) ஒட்டினால் ஆகாதா என்று கேட்பார்கள். வீட்டில் பழக ஆகும். மேடையில் ட்ரம்ஸ் பக்கத்தில் நின்றால் வயலினின் பலகையே ட்ரம்ஸுக்கு அதிரும். அந்த அதிர்வையும் சுரம் என்று நினைத்து மென்பொருள் தேட ஆரம்பித்துவிடும்.

2. வயலினைச் சுத்தமாகப் பேச வையுங்கள்

மென்பொருளுக்குக் காது ஒன்றுதான். தந்தியில் இருந்து வரும் அலையில் எது அடிப்படைச் சுரம் என்று கணக்குப் போடுகிறது. பழைய தந்தி, ரோசின் படிந்து கெட்டியான தந்தி, இரண்டும் அந்தக் கணக்கைக் குழப்பும். தந்தி மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒவ்வொரு முறை வாசித்த பிறகும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

அடுத்தது சுருதி. கர்நாடக சங்கீதம் பயின்று வருபவர்கள் சுருதிப் பெட்டியில் இரண்டரை கட்டை வைத்து, அதன் நுண்திருகை மனதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். தனியாக வாசிக்க அது அருமை. ஆனால் கீபோர்டும் பேஸ் கிட்டாரும் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் நிற்கின்றன. அவை உங்களுக்காக நகராது. இரண்டரை கட்டை என்றால் அவர்கள் கணக்கில் ஈ-ஃப்ளாட். ட்யூனரை வைத்து ச-வைச் சரியாக அங்கே நிறுத்துங்கள். ஒரு நூல் இழை விலகினாலும், சிந்தசைசர் அந்த விலகலை வயலினைவிட அப்பட்டமாகக் காட்டும்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது: ச-ப-ச-ப என்று கட்டிய வயலினில் ஒரு தந்தியில் ச பிடித்தால் மற்ற ச தந்தியும் தானாகக் கூட அதிரும். காதுக்கு அது சுகம். மென்பொருளுக்கு இரண்டு குரல் ஒரே நேரத்தில் பேசியது போல. விரல் பலகையின் மேல் முனையில், தந்திகளுக்கு அடியில் அந்த ஸ்பாஞ்சுத் துண்டை லேசாகச் செருகுங்கள். வெறும் தந்தி மந்தமாகும், விரல் வைத்த சுரம் தெளிவாக வரும். வெறும் தந்தி ஒலியை நம்பி வாசிப்பவர்களுக்கு இது கஷ்டம்தான். நான்காவது விரலைப் பழக இது ஒரு வாய்ப்பு.

3. ப்ரீஆம்ப் இல்லாமல் செருகாதீர்கள்

எலக்ட்ரிக் வயலின்களில் பெரும்பாலும் குதிரையில் இருப்பது பீசோ பிக்கப். அதைச் செருகும் இடத்தில் உள்ளீட்டுத் தடை குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால் அங்கே இருப்பது சில ஆயிரம் ஓம்தான். கீழ்ச் சுரங்கள் எல்லாம் வடிந்து, தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் வயலினையே வெறுத்துவிடுகிறார்கள்.

சில வயலின்களுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் இருக்கும். இல்லையென்றால் வெளியே ஒன்று வையுங்கள், அல்லது இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். வயலினுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே வயர் நீளக்கூடாது. நீண்டால் பீசோவின் சத்தம் குறையும், ஹம் கூடும்.

அளவு வைக்கும்போது மெதுவாக வாசித்து வைக்காதீர்கள். உங்களால் முடிந்த மிக அழுத்தமான வில்லைப் போடுங்கள். அது மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. சிவப்பில் போன அலை தலை வெட்டுப்பட்ட அலை. அதில் இருந்து சரியான சுரம் கிடைக்காது. அப்புறம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 4 தந்தி வயலினின் வழக்கமான மேற்கத்திய சுருதியில் மிகக் கீழ்ச் சுரமே 196 ஹெர்ட்ஸ். இரண்டரை கட்டைக்கு இறக்கினால் 156 பக்கம், 5 தந்தியில் 131 பக்கம். 100-க்குக் கீழே இருப்பது எல்லாம் கால் தட்டும் சத்தமும் ஹம்மும்தான்.

4. ஒலியை இரண்டாகப் பிரியுங்கள்

ப்ரீஆம்புக்குப் பின் ஒலி இரண்டு வழியாகப் போக வேண்டும். ஒன்று, எந்த பெடலும் தொடாமல் நேராக மென்பொருளுக்கு. இன்னொன்று உங்கள் எஃபெக்ட் பெடல்களுக்கும் ஆம்புக்கும்.

காரணம் எளிது. டிலே போட்ட ஒலியை மென்பொருளுக்குக் கொடுத்தால் எதிரொலியையும் சேர்த்து வாசிக்கும். கோரஸ் போட்டால் சுருதியே ஆடும். ஓவர்டிரைவ் போட்டால் ஓங்கிக் கேட்கும் மேல்சுரங்களில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு ஸ்தாயி தாவும். சுரம் கண்டுபிடிக்கும் வேலை எப்போதும் முதலில், சுத்தமான ஒலியில் நடக்க வேண்டும்.

இன்னொரு நன்மை: சிந்தசைசர் தடுமாறினாலும் வயலின் ஒலி மேடையில் நிற்கும். முழுக்க சிந்தசைசரை மட்டும் நம்பி மேடை ஏறாதீர்கள்.

5. மொட்டை ஒலியில் சரளி வரிசை

இப்போது சிந்தசைசரைத் திறங்கள். அழகான ஒலி எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே ஒரு ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி), ரிவர்ப் (பெரிய மண்டபத்தில் போல ஒலியை நீட்டுவது) இல்லை, ரிலீஸ் (சுரத்தை விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) பூஜ்ஜியம். கேட்க மொட்டையாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அரவேணுவில் இருந்து ஒரு பையன் வந்தான். தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்து வளர்ந்தவன், வில் அழகாக விழும். "சார், எனக்கு எல்லாம் நல்லா வருது, ஆனா குழுவோட வாசிச்சா மட்டும் அசிங்கமாகுது" என்றான். அவன் ஒலியில் நான்கு விநாடி ரிவர்ப் இருந்தது. அதை அணைத்தேன். ஒவ்வொரு சுரத்துக்கு முன்னாலும் ஒரு சின்னக் கீச்சு. ஒரு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, ரிவர்ப் மூடி வைத்திருந்தது. அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் அன்றுதான் அவன் உண்மையில் தொடங்கினான்.

அந்தக் கீச்சு ஏன் வருகிறது? கிட்டாரில் மீட்டியவுடன் தந்தி அதிர ஆரம்பித்துவிடும். வில்லில் அப்படி இல்லை. முடி தந்தியைப் பற்றி, இழுத்து, விட்டு, அந்தச் சுழற்சி நிலைப்படச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில் வருவது சுரமல்ல, உரசல். மென்பொருள் அதையும் ஒரு சுரம் என்று ஊகித்துவிடும். ஆகவே வில்லை வைத்து, அழுத்தி, பிறகு இழுங்கள். காற்றில் இருந்து தந்தி மேல் இறக்காதீர்கள். "த" என்று சொல்வது போல ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மெய்யெழுத்துத் தொடக்கம் வேண்டும்.

சோதிக்க நம்மிடமே பாடம் இருக்கிறது. சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசியுங்கள். மூன்றாம் காலத்தில் எந்தச் சுரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஜண்டை வரிசை. ஒரே சுரம் இரண்டு முறை வரும்போது இரண்டாவதை மென்பொருள் விழுங்கிவிடும்; இரண்டாவது சுரத்துக்கு நம் பாட்டு வாத்தியார்கள் கேட்கும் அந்த அழுத்தத்தைக் கொடுத்தால் விழுங்காது. தாட்டு வரிசையில் தாவும்போது நடுவில் உள்ள தந்தியை வில் லேசாகத் தொட்டாலும் ஒரு பொய்ச் சுரம் கிளம்பும்.

பெரும்பாலான மென்பொருள்களில் உணர்திறன் என்றும், குறைந்தபட்ச ஒலி அளவு என்றும் இரண்டு திருகு இருக்கும். பொய்ச் சுரம் வந்தால் இரண்டாவதைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மெல்லிய சுரம் விழுந்தால் இறக்குங்கள். திருகுவது பத்து நிமிடம், வில் பழகுவது இரண்டு வாரம். நேரத்தை அந்த விகிதத்தில் செலவழியுங்கள்.

இரட்டைத் தந்தி வாசிப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு சுரம் ஒரு நேரம்.

6. பெண்ட் ரேஞ்ச்: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்

மிடியில் சுரம் என்பது கீபோர்டின் ஒரு கட்டை. கட்டைகளுக்கு நடுவே இருப்பதைச் சொல்ல பிட்ச் பெண்ட் என்ற தனித் தகவல் போகிறது. ஆனால் அந்தத் தகவல் "இவ்வளவு வளை" என்று அரைச்சுரக் கணக்கில் சொல்வதில்லை. "உன் எல்லையில் இவ்வளவு பங்கு வளை" என்று மட்டும்தான் சொல்கிறது. எல்லை எவ்வளவு என்பதை அனுப்பும் மென்பொருளும் பெறும் சிந்தசைசரும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் எல்லாம் கெடும்.

பல சிந்தசைசர்கள் பிறக்கும்போதே 2 அரைச்சுரம் என்று வைத்திருக்கும். சுரத்தை மிடியாக மாற்றும் மென்பொருளில் நீங்கள் 12 வைத்து, சிந்தசைசரில் 2-ஐ அப்படியே விட்டால், 6 அரைச்சுரம் ஜாரு (சுரத்தில் இருந்து சுரத்துக்கு வழுக்குவது) இழுத்தால் 1 அரைச்சுரம்தான் நகரும். தலைகீழாக, மென்பொருளில் 2, சிந்தசைசரில் 12 என்றால், லேசான ஒரு விரல் அசைவு ஆறு மடங்கு பெரிதாகி ஊளையிடும். இந்த இரண்டில் ஒன்று உங்களுக்கு நடந்தால் உடனே எண்ணைப் பாருங்கள்.

இரண்டும் 2 என்று பொருந்தியிருந்தாலும் நமக்குப் போதாது. குன்னூரில் இருந்து வரும் ஒரு மாணவி தோடி வாசித்தாள். காந்தாரம் வந்ததும் ஒலி உடைந்து உடைந்து வந்தது. "மாஸ்டர், என் காந்தாரம் எங்க போச்சு?" என்றாள். தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. ரி-க்கும் ம-வுக்கும் நடுவே ஆடும். அந்த அகலம் 4 அரைச்சுரம். மென்பொருள் ம-வில் முதலில் பிடித்திருந்தால், ரி-க்கு இறங்கும்போது 2 என்ற எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியவுடன் புதுச் சுரம் என்று மறுபடி தட்டும். ஒரே வில்லில் ஆடிய கமகம் நான்கைந்து கட்டைகளைத் தட்டியது போல ஆகிவிடும்.

இரண்டு இடத்திலும் 12 வையுங்கள். சிந்தசைசரை மோனோ (ஒரு நேரம் ஒரு சுரம்), லெகாட்டோ (சுரங்களை மறுபடி தட்டாமல் தொடர்வது) முறையில் வையுங்கள். அப்புறம் ஒரே வில்லில் ச-வில் இருந்து மேல் ச வரை மெதுவாக ஜாரு இழுங்கள். எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் படி முடிந்தது. அவள் அதை முடித்துவிட்டு மறுபடி காந்தாரம் பிடித்தபோது, சிந்தசைசர் தோடி பாடியது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இதைக் கற்றுக்கொடுக்கிறேன்.

ஒவ்வொரு சுரத்தையும் அருகில் உள்ள கட்டைக்கு இழுத்துப்போடும் க்ரோமேட்டிக் முறையும் மென்பொருளில் இருக்கும். அது கமகத்தைக் கொல்லும். ஆனால் வேகமான பேஸ் வரிகளுக்கும், கீபோர்டு போலக் கத்தரித்துக் கேட்க வேண்டிய இடங்களுக்கும் நல்லது. ஒரு கால் பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. வில்லுக்குக் கட்டுப்படும் ஒலி

சரி, இப்போது அழகுக்கு வரலாம். சாடூத் அலையில் தொடங்குங்கள். வில் போட்ட தந்தியின் அசைவே கிட்டத்தட்ட ரம்பப் பல் வடிவம்தான். அதனால் வயலினோடு அந்த அலை ஒட்டிக்கொள்ளும். அதன் மேல், மேல்சுரங்களை வடிகட்டும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர்.

வில்லின் அழுத்தமும் வேகமும் ஒலியின் அளவாக வெளிவருகிறது. மென்பொருள் அந்த அளவைத் தொடர்ந்து மிடி கட்டளையாக அனுப்பும். எக்ஸ்பிரஷன் எனப்படும் 11-ஆம் எண் கட்டளையை நான் பயன்படுத்துகிறேன். அதை ஃபில்டரின் கட்ஆஃபுக்கும் (வடிகட்டல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை) வால்யூமுக்கும் கொண்டுபோய் இணையுங்கள். வில்லை அழுத்தினால் ஒலி திறக்கும், விட்டால் மூடும். இது இல்லாவிட்டால் சுரம் தொடங்கும்போது என்ன அளவோ அதே அளவில் கடைசி வரை நிற்கும். வில் பிடித்தவருக்கு அது கை கட்டிப்போட்டது போல.

அட்டாக் நேரத்தை, அதாவது சுரம் முழு அளவுக்கு எழ எடுக்கும் நேரத்தை, பூஜ்ஜியத்தில் வைக்காதீர்கள். 15 முதல் 30 மில்லி விநாடி கொடுத்தால் மிச்சமிருக்கும் கீச்சுகளும் அதில் கரைந்துவிடும். அதற்கு மேல் போனால் வேக வரிகளில் சோம்பலாகக் கேட்கும். இப்போது ரிவர்ப் சேர்க்கலாம்.

8. தாமதம்

வில்லுக்கும் சிந்தசைசருக்கும் நடுவே இடைவெளி இருப்பது தெரியும். ஒரு பகுதி இயற்கை. 196 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு சுற்று முடியவே 5 மில்லி விநாடி ஆகும். ஒன்றிரண்டு சுற்று பார்க்காமல் எந்த மென்பொருளும் சுரத்தைச் சொல்ல முடியாது. 659 ஹெர்ட்ஸ் மேல் தந்தியில் ஒரு சுற்று 1.5 மில்லி விநாடிதான். ஆகவே கீழ்த் தந்தி எப்போதும் மெதுவாகத்தான் பிடிபடும்.

இன்னொரு பகுதி கம்ப்யூட்டருடையது. விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டு) 128 சாம்பிளுக்குக் குறைத்தால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லி விநாடி. லேப்டாப் கரகரத்தால் 256-க்கு ஏற்றுங்கள். மொத்தம் 15 மில்லி விநாடிக்குள் இருந்தால் பழகிவிடும். ஆம்பில் இருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதும் அதே தாமதம்தான்.

பேஸ் வாசிக்க வேண்டுமா? கீழ்த் தந்திக்குப் போகாதீர்கள். மேல் இரண்டு தந்தியில் வாசித்து, சிந்தசைசரை இரண்டு ஸ்தாயி இறக்கிவிடுங்கள். சுரம் சட்டென்று பிடிபடும், ஒலி பாதாளத்தில் இருந்து வரும்.

9. வயலின் பக்கத்து பெடல் வரிசை

கம்ப்ரஸர், வா, ஓவர்டிரைவ், ஃபேஸர் அல்லது கோரஸ், வால்யூம் பெடல், டிலே, ரிவர்ப். வால்யூம் பெடலை டிலேவுக்கு முன் வைப்பது முக்கியம். காலை எடுத்தாலும் எதிரொலி தானாக அடங்கும், வெட்டுப்படாது. பீசோவின் மூக்கடைப்புச் சத்தம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். ஈக்யூவில் அங்கே கொஞ்சம் குறையுங்கள்.

10. குழுவோடு

முதல் ஒத்திகையிலேயே கீபோர்டுக்காரரோடு ஒரு விஷயம் பேசிவிடுங்கள்: யார் எந்த ஸ்தாயியில். இரண்டு சிந்தசைசர் ஒரே இடத்தில் நின்றால் யாருடையதும் கேட்காது. கிட்டாரோடு ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் சிந்தசைசரை முழுக்க இறக்கிவிட்டு வயலினை மட்டும் விடுங்கள். அங்கே 15 மில்லி விநாடியும் இடறும்.

தனி வாசிப்புக்கு பிரெஞ்சு ஜாஸ் வயலின் கலைஞர் ழான்-லூக் போன்டி 1980-களில் செய்தது நல்ல வழி: சீக்வென்சரில் (பதித்த சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பது) ஒரு சிறு சொற்கட்டைச் சுழலவிட்டு, அதன் மேல் வயலின். சிந்தசைசர் தாளத்தைப் பார்த்துக்கொள்ளும், வில் சுதந்திரமாக அலையும். ஏழு எண்ணிக்கையில் ஒன்று செய்துபாருங்கள். மூன்றும் நான்குமாகப் பிரிந்த மிஸ்ர சாபு நமக்கு ரத்தத்தில் ஊறியது. ட்ரம்மர் எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பாடிக்கொண்டிருப்பீர்கள்.

ஜாஸ் தாளில் மேற்கத்திய ஸ்கேல் பெயர்கள் வரும். டோரியன் என்று எழுதியிருந்தால் கரகரப்பிரியாவின் சுரங்கள். மிக்சோலிடியன் ஹரிகாம்போதி, லிடியன் கல்யாணி. லிடியன் டாமினன்ட் வந்தால் வாசஸ்பதி. சுரங்கள்தான் ஒன்று, நடை வேறு. ஆனாலும் விரல் எங்கே போவது என்ற பயம் போய்விடும்.

11. மலைக்குரிய கவனங்கள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் தொல்லை அதிகம். ஈரத்தில் வில்லின் முடி நீண்டு தொய்யும், பிருடை ஊறி இறுகும். முரட்டுத்தனமாகத் திருகினால் தந்தி அறும். வாசிக்கும்போது முடியை இறுக்குங்கள், முடித்ததும் கட்டாயம் தளர்த்துங்கள். இறுக்கியபடியே விட்ட வில், டிசம்பர், ஜனவரியில் காற்று வறண்டு முடி சுருங்கும்போது வளைந்துவிடும். அந்த மாதங்களில் பிருடை வழுக்கவும் செய்யும். மழை மாதங்களில் மட்டும் பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

மரம் விழுந்து மின்சாரம் போனால் இன்வர்ட்டரில் வாசிப்போம். சைன் வேவ் இல்லாத இன்வர்ட்டர் ஒலிக்குள் ஒரு ரீங்காரத்தைக் கொண்டுவரும். மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு தானாக வாசிக்கும். ஹம் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். நிற்கவில்லை என்றால் கிரவுண்ட் லிஃப்ட் (ஒலி வயரின் தரை இணைப்பைத் துண்டிக்கும் பட்டன்) உள்ள டிஐ பெட்டியை ஒலி வயரின் நடுவே வையுங்கள். ப்ளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள். ஹம் போகும், அடுத்து உயிர் போகும்.

கடைசியாக, கீழே கச்சேரிக்குப் போகும்போது. அதிகாலையில் ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கிளம்பி மேட்டுப்பாளையம் இறங்கினால், கருவிகள் இன்னும் மலைக் குளிரிலேயே இருக்கும். சமவெளியின் சூடான ஈரக்காற்று பட்டவுடன் இன்டர்ஃபேஸுக்குள்ளும் பெடலுக்குள்ளும் தண்ணீர் முத்துமுத்தாக வியர்க்கும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் பழுதாகலாம். கோவையில் அரங்கத்துக்குப் போனதும் பெட்டிகளை மூடியபடியே ஒரு மணி நேரம் வையுங்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள். பெட்டியின் இரும்புக் கொக்கியைத் தொட்டுப் பார்த்து, குளிர் தெரியவில்லை என்றால் மட்டும் திறங்கள்.